வாத்தியார் படிக்க வேண்டிய பாடம்

நம் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டை இன்று ஒருவர் புரட்டினால், முப்பது வருஷத்துக்கு முன் அதில் இருந்திருக்க வாய்ப்பில்லாத பெயர்கள் கண்ணில் படும். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் கார் வெளிவந்தது 1998ல். பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்சாலைகள் நீண்டுகொண்டே போயின. முதலில் கட்டட வேலைக்குத் தனி ஆளாக வந்தவர்கள் பிறகு மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் இன்று 'அணில், ஆடு, இலை' படிக்கிறார்கள்.

குமாஸ்தா வேலையிலேயே காலம் போனவன் என்பதால், ஒரு படிவத்தைப் பார்த்தால் எனக்கு அதன் கட்டங்கள்தான் முதலில் தெரியும். நம் ஊர் வழக்கப்படி பெயருக்கு முன் தலைப்பெழுத்து வேண்டும். அது அப்பா பெயரின் முதல் எழுத்து. பீகாரிலிருந்து வந்த ஒரு பையன் பெயர் சூரஜ் குமார், அவன் அப்பா பெயர் ரமேஷ் சாஹ் என்று வைத்துக்கொள்வோம். 'குமார்' அவன் பெயரின் பாதியா, குடும்பப் பெயரா? அப்பா பெயரில் 'சாஹ்' இருக்கிறதே, பிள்ளைக்கு ஏன் இல்லை? அந்தப் பக்கத்தில் சாதியைக் காட்டாமல் இருக்க 'குமார்', 'குமாரி', 'தேவி' என்று முடிப்பது பரவலான வழக்கம். இதை அறிந்தவர் ஒரு நிமிஷத்தில் எழுதிவிடுவார். அறியாதவர் ஆதாரில் ஒன்று, பள்ளியில் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் ஒன்று என்று மூன்று பெயர் எழுதி, அந்தப் பிள்ளையைப் பத்தாம் வகுப்பில் அலைய விடுவார்.

அடுத்த கட்டம் 'தாய்மொழி'. வடக்கே இருந்து வந்தவர் என்றால் அங்கே 'இந்தி' என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவது போஜ்புரியாக இருக்கலாம், மைதிலியாக இருக்கலாம், மகஹியாக இருக்கலாம். ஒடிசாவின் மேற்கிலிருந்து வந்த குடும்பம் சம்பல்புரி பேசும். ஜார்க்கண்ட்காரர் வீட்டில் சந்தாலி ஒலிக்கலாம். மைதிலியும் சந்தாலியும் 2003ஆம் ஆண்டின் 92ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் தமிழுக்குப் பக்கத்தில் இடம் பெற்ற மொழிகள். அதிலும் சந்தாலி, இந்தியோடு குடும்ப உறவே இல்லாத மொழி. அந்தப் பிள்ளைக்கு இந்தியும் அயல் பாஷைதான். வாத்தியார் நல்லெண்ணத்தோடு நான்கு இந்தி வார்த்தை கற்றுக்கொண்டு பேசினாலும், அது அந்தக் குழந்தையைப் போய்ச் சேராது.

இந்த விஷயங்களை ஆசிரியருக்கு யார் சொல்லிக் கொடுப்பது? பாடம் நடத்தும் முறை, குழந்தை உளவியல், வருகைப் பதிவு எல்லாம் பயிற்சியில் உண்டு. எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்தக் குடியில், எந்த வழக்கத்தில் வளர்ந்தது என்று அறியும் படிப்புக்கு மானிடவியல் என்று பெயர். அது ஆசிரியர்களிடம் வந்து சேர்ந்த கதை நீளமானது. அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு.

நம் ஊர்க்காரர் செய்த வேலை

மானிடவியல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த படிப்பு என்று சொல்வார்கள். பெயர் அவன் வைத்ததுதான். அந்தக் கண் நம்மவருக்கும் இருந்தது என்பதற்குச் சாட்சி நம் குன்றத்தூரிலேயே பிறந்தவர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அநபாயச் சோழனிடம் அமைச்சராக இருந்த சேக்கிழார் பெருமான், அறுபத்துமூவர் கதையை எழுதும்போது வேடர், குயவர், வண்ணார், பரதவர், புலையர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் நிலத்திலும் தொழிலிலும் வைத்தே காட்டுகிறார். கண்ணப்பர் வரலாற்றில் வேடர் குடியிருப்பும் அவர்கள் உணவும் வேட்டைச் சடங்கும் வரும். திருநாளைப்போவார் வரலாற்றில் ஆதனூர்ப் புலைப்பாடியின் குடிசை, உலரும் தோல், கோழிக்குஞ்சு, விளையாடும் சிறுவர் கையில் இரும்பு வளை வரை வரும். பக்தியைச் சொல்ல இவ்வளவு விவரம் எதற்கு? ஆளைத் தெரியாமல் அவன் பக்தி தெரியாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அமைச்சர் பதவியில் இருந்தவர் சேரிக்குள் கண் செலுத்தியது சாதாரண விஷயம் அல்ல.

அளவுகோலோடு வந்த படிப்பு

புதிய காலத்து மானிடவியல் நம்மிடம் வந்தபோது கையில் அளவுகோல் இருந்தது. எட்வர்ட் தர்ஸ்டன் என்ற மருத்துவர் 1885 முதல் 1908 வரை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். 1909ல் வெளிவந்த 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' என்ற ஏழு தொகுதிகளை அவர் கே. ரங்காச்சாரியின் துணையோடு தொகுத்தார். அருங்காட்சியகம் பார்க்க வந்தவர்களையும் நிறுத்தி மண்டையின் நீளம் அகலம், மூக்கின் நீளம் அகலம் என்று அளந்து எழுதிக்கொண்டார். மூக்கு அளவைக் கொண்டு குலத்தின் தரத்தைச் சொல்லலாம் என்ற கொள்கை அந்நாளில் செல்வாக்கோடு இருந்தது. பின்னால் வந்த அறிவியல் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. அவர் மானிடவியல் சொல்லிக் கொடுத்தவர்களில் கல்லூரி மாணவர்கள் இருந்தார்கள், போலீஸ்காரர்களும் இருந்தார்கள். குற்றவாளியை உடலளவு கொண்டு அடையாளம் காண்பதற்காக அந்தப் பயிற்சி.

சைதாப்பேட்டையில் ஆசிரியர் கல்லூரி இருந்தது. 1856ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் தொடர்ச்சி அது. எழும்பூருக்கும் சைதாப்பேட்டைக்கும் அதிக தூரம் இல்லை. இருந்தும் மக்களைப் பற்றிய படிப்பு முதலில் போய்ச் சேர்ந்தது போலீஸ் பயிற்சிக்கு. இந்த ஒரு விஷயமே அந்தக் காலத்து அரசாங்கம் அந்த அறிவை எதற்கு வைத்திருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறது.

அதன் விளைவை மதுரைப் பக்கம் அனுபவித்தார்கள். 1871ல் வட இந்தியாவில் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ன் திருத்தத்துக்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் ஊர்ச் சாவடியில் படுக்க வேண்டும் என்ற நிலை. இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் பலர் மாண்டார்கள், அவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அதன் பிறகுதான் 'கள்ளர் சீரமைப்பு' என்ற பெயரில் பள்ளிகளும் விடுதிகளும் வந்தன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் அதே பெயரில் இன்றும் நடக்கின்றன. அங்கே படித்து மேலே வந்தவர்கள் ஏராளம், அதை மறுக்க முடியாது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். ஒரு குழந்தை பள்ளிக்குள் காலெடுத்து வைக்கும்போதே 'நீ சீர்திருத்தப்பட வேண்டியவன்' என்று பெயர்ப்பலகை சொன்னால், வாத்தியார் அந்தக் குழந்தையின் வீட்டைப் பற்றி என்ன கேட்பார்? கேட்க ஒன்றுமில்லை என்றுதான் நினைப்பார்.

அதே பிறமலைக் கள்ளரிடம் வேறு மாதிரி வந்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், லூயி த்யூமோன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டிருந்த காலத்தில் சமஸ்கிருதம் படித்தவர். பாரிஸில் தமிழ் கற்றுக்கொண்டு, 1940களின் கடைசியில் தமிழ்நாடு வந்து கள்ளர் நாட்டில் தங்கினார். யார் யாருக்குப் பெண் கொடுக்கிறார்கள், மாமன் சீர் எப்படி, எந்தச் சாமிக்கு எந்தப் பங்காளி முதல் மரியாதை என்று கேட்டுக் கேட்டு எழுதினார். 1957ல் அது பிரெஞ்சில் பெரிய புத்தகமாக வந்தது. போலீஸ் ரெகார்டில் கைரேகையாக இருந்த மக்கள் அந்தப் புத்தகத்தில் மாமன், மச்சான், அத்தை, கொழுந்தன் என்று உறவுகளாக வருகிறார்கள். மூக்கை அளந்த படிப்பு, முறை கேட்கும் படிப்பாக மாறிவிட்டது. ஆனால் அந்தப் புத்தகம் அதே நாட்டில் பாடம் நடத்திய வாத்தியார்களுக்குப் போய்ச் சேரவில்லை. பிரெஞ்சில் இருந்தால் எப்படிச் சேரும்?

பிரெஞ்சுக்காரர் கற்றுக்கொண்டது

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் பாடம் பழைய கோல் நாட்டவரிடமிருந்து தொடங்கும், அவர்கள் எங்கள் முன்னோர் போல. இலையுதிர்காலத்தில் கஷ்கொட்டை பொறுக்குவது பற்றிக் கட்டுரை எழுதுவோம். கஷ்கொட்டையை ஒருவரும் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஆசிரியர், பிரான்சிலிருந்து வந்தவர், ஒரு தை மாதம் 'உங்கள் வீட்டில் பொங்கல் எப்படி வைப்பார்கள், எழுதுங்கள்' என்றார். எப்போதும் அரைப் பக்கம் தாண்டாத வகுப்பு அன்று இரண்டு பக்கம் எழுதியது. 'பொங்கி வழிகிறது' என்பதைப் பிரெஞ்சில் சொல்ல வார்த்தை தேடி அகராதியைப் பிய்த்தோம். அந்த வாரத்தில் கற்ற பிரெஞ்சு இன்னும் மறக்கவில்லை.

அந்த நாட்டுக்கே பிறகு இந்தப் பிரச்சினை வந்தது. போருக்குப் பின் அல்ஜீரியா, போர்ச்சுகல், மொராக்கோ, துனீசியா என்று பல இடங்களிலிருந்து கார் தொழிற்சாலைக்கும் கட்டட வேலைக்கும் ஆட்கள் வந்தார்கள். முதலில் ஆண்கள் வந்தார்கள், பிறகு குடும்பம் வந்தது. ஒரகடத்தின் கதையேதான். 1973 முதல் பிரான்ஸ் அந்தந்த நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு, அந்த நாடுகளே அனுப்பிய ஆசிரியர்களைக் கொண்டு பிள்ளைகளுக்குத் தாய்மொழி கற்பித்தது. அதன் உள்நோக்கம், இவர்கள் ஒரு நாள் ஊர் திரும்புவார்கள் என்பதுதான். பெரும்பாலோர் திரும்பவில்லை. 1975ல் இன்னொரு பாதை தொடங்கியது. புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளின் கல்விக்காக, ஏற்கெனவே பணியில் இருக்கும் பிரெஞ்சு ஆசிரியர்களுக்கே பயிற்சி தரும் மையங்களை நிறுவினார்கள். பிள்ளைக்குத் தனி வாத்தியார் வைப்பதை விட, இருக்கிற வாத்தியாரைத் தயார்ப்படுத்துவது என்ற யோசனை அது. அந்த மையங்கள் 2002ல் பெயர் மாறி இன்றும் நடக்கின்றன.

அதிலும் ஒரு சறுக்கல் வந்தது. பண்பாடு என்றால் சாப்பாடும் ஆட்டமும்தான் என்று எடுத்துக்கொண்டு, பள்ளியில் ஒரு நாள் அரபுப் பிள்ளைகளின் தாய்மாரை வரவழைத்துக் குஸ்குஸ் செய்யச் சொல்லி, எல்லோரும் சாப்பிட்டுக் கைதட்டிவிட்டு, மறுநாள் பழையபடி பாடம் நடத்துவது. இதற்குக் 'குஸ்குஸ் பாடமுறை' என்றே கேலிப் பெயர் வைத்தார்கள். அந்தக் கேலியில் நியாயம் இருந்தது. அல்ஜீரியப் பையன் என்றால் குஸ்குஸ் என்று முத்திரை குத்திவிட்டால், அவன் பிரான்சிலேயே பிறந்தவன், கால்பந்தும் கணக்கும் பிடித்தவன் என்பது மறைந்துபோகும். பண்பாட்டைத் தெரிந்துகொள்வது வேறு, பண்பாட்டுக்குள் ஆளை அடைத்துப் பூட்டுவது வேறு. எங்கள் ஆசிரியர் பொங்கலைப் பற்றி எழுதச் சொன்னபோது எங்களுக்கு விருந்து வைக்கவில்லை. நாங்கள் அறிந்த ஒன்றைக் கொண்டு நாங்கள் அறியாத மொழியைக் கற்க வைத்தார். வித்தியாசம் அங்கேதான்.

ஒரு நல்ல வாத்தியாரின் கதை

ஆசிரியருக்கு மானிடவியல் எதற்கு என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் ஸ்பிண்ட்லர் என்ற மானிடவியலாளர், 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார். அந்த ஆசிரியருக்கு ரோஜர் ஹார்க்கர் என்று புனைபெயர் கொடுத்தார். இளைஞர், நல்லவர், மேலதிகாரிகள் மெச்சிய ஆசிரியர். 'எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான்' என்று மனதார நம்பியவர்.

ஸ்பிண்ட்லர் குழு செய்தது எளிய வேலை. யாரிடம் கேள்வி கேட்கிறார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார், யார் வீட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று குறித்தார்கள். பிள்ளைகளிடமும் தனியே கேட்டார்கள். கணக்குப் பார்த்தபோது, தன்னைப் போலவே நடுத்தர வெள்ளையர் வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளைப் பற்றித்தான் அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. அவர்களைத்தான் கெட்டிக்காரர், எல்லோருக்கும் பிடித்தவர் என்று நினைத்திருந்தார். மெக்சிகோ வழிவந்த பிள்ளைகள் அவர் கண்ணிலேயே பெரிதாகப் படவில்லை. ஆனால் அவருக்கு யாரைப் பிடிக்கும் என்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது!

இந்தக் குறிப்புகளை அவர் முன் வைத்தபோது முதலில் அவரால் ஏற்க முடியவில்லை, பிறகு மெல்ல மெல்லப் பார்க்கத் தொடங்கினார். ஸ்பிண்ட்லர் 1954ல் கல்வியாளர்களையும் மானிடவியலாளர்களையும் ஒன்றாகக் கூட்டி மாநாடு நடத்தினார், அடுத்த பல ஆண்டுகள் ஆசிரியர் பயிற்சியில் இந்தக் கதையைச் சொல்லியே பாடம் நடத்தினார். எனக்கு இதில் பிடித்தது, இது கெட்ட வாத்தியாரின் கதை அல்ல என்பது. கெட்டவரைத் திருத்தப் புத்தி சொல்லலாம். நல்லவருக்குத் தன் கண் எங்கே போகிறது என்று காட்ட ஒரு கணக்குத் தேவைப்படுகிறது. மற்றவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் மானிடவியல், கடைசியில் படிப்பவரையே கண்ணாடி முன் நிறுத்திவிடுகிறது.

பாளையங்கோட்டையிலும் கூடலூரிலும்

நம் தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980). நாங்குநேரிக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்து, பிறகு பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியவர். 1967ல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார், 1969ல் 'ஆராய்ச்சி' என்ற இதழையும் ஆரம்பித்தார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் பலர் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள். வேலை நேரம் போக, தங்கள் ஊரில் பாடப்படும் தாலாட்டு, ஒப்பாரி, வில்லுப்பாட்டு, கதைப்பாடல் எல்லாவற்றையும் சேகரித்துக் கொண்டுவந்து கட்டுரை வாசிப்பார்கள். எஸ்.எஸ். போத்தையா போன்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேகரித்துக் கொடுத்த பாடல்கள் நா.வா.வின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில் சேர்ந்தன. முத்துப்பட்டன் கதை, கட்டபொம்மன் கதை எல்லாம் அச்சேறியது அவர் உழைப்பால்.

பட்டம் கிடையாது, பயணப்படி கிடையாது. ஆனால் ஒரு வாத்தியார் தன் மாணவனின் பாட்டியிடம் போய் உட்கார்ந்து 'ஆத்தா, அந்தப் பாட்டைச் சொல்லு' என்று கேட்டு எழுதும்போது இரண்டு காரியம் நடக்கிறது. ஊருக்குச் சரித்திரம் கிடைக்கிறது. அந்தப் பையனுக்கோ, தன் பாட்டிக்கு வாத்தியாருக்கே தெரியாத ஒன்று தெரியும் என்று தெரிகிறது. இந்த இரண்டாவது காரியத்துக்கு எந்தப் பாடத்திட்டமும் ஈடில்லை.

தமிழில் மானிடவியலை முறையாகப் படிக்க விரும்பும் ஆசிரியருக்கு இன்று புத்தகமும் உண்டு. புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய பக்தவத்சல பாரதி 'பண்பாட்டு மானிடவியல்', 'தமிழகப் பழங்குடிகள்' முதலிய நூல்களை நல்ல தமிழில் எழுதியிருக்கிறார். பிரெஞ்சில் இருக்கிறது, இங்கிலீஷில் இருக்கிறது என்ற சாக்கு இனிச் செல்லாது.

நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகள் வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் சேர்வார்கள், சில மாதத்தில் நின்றுவிடுவார்கள். 'அவர்களுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை' என்பது பொதுவான தீர்ப்பு. ராம்தாஸ், ரமா சாஸ்திரி தம்பதி நடத்திய வித்யோதயா பள்ளி, 1996 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக மாறியது. அங்கே அந்தச் சமூகங்களின் இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் பாட்டும் கதையும் காட்டறிவும் வகுப்புக்குள் வந்தன. நாட்டம் இல்லாதது பிள்ளைக்கா, பள்ளிக்கா என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைத்தது.

ஒடிசா அரசு இதைப் பெரிய அளவில் முயன்றது. 2007ல் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வி தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர் மகேந்திர குமார் மிஸ்ரா என்ற நாட்டார் வழக்காற்று அறிஞர், காலாஹண்டி வட்டாரத்தின் வாய்மொழிக் காவியங்களைத் தொகுத்தவர். எந்த மாதம் விதைப்பு, எந்த மாதம் மகுவாப்பூ பொறுக்குவது, எந்த மாதம் திருவிழா என்று ஊர்க் காலண்டர் ஒன்று தயாரித்து, அதன்மேல் பாடத்தை அமைப்பது அவர்கள் முறை. ஆசிரியரே ஊருக்குள் போய் அந்தக் காலண்டரை எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் பாதி மானிடவியல் படித்துவிடுவார்.

நம் பக்கத்தில் என்ன நிலை

அதே ஒடிசாவின் மேற்கு மாவட்டங்களான பலாங்கீர், நுவாபடா பக்கமிருந்து, அறுவடை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக நம் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு வருகிறார்கள். மழைக்கு முன் திரும்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு ஊரிலும் பாதிப் பாதி வருஷம், எந்த ஊரிலும் முழு வகுப்பு கிடையாது. தமிழ்நாடு அரசு ஒடிசாவிலிருந்து ஒடியா பாடநூல்களை வரவழைத்து, ஒடியா அறிந்த ஆசிரியர்களை வைத்து, சூளைப் பக்கத்திலேயே மையங்கள் நடத்தியது. இது நல்ல காரியம். திரும்பிப் போகும் பிள்ளைக்கு அதுதான் பொருந்தும்.

ஆனால் ஒரகடத்தில் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கிவிட்டவர் பிள்ளை திரும்பிப் போகுமா? பிரான்ஸ் செய்த கணக்குப் பிழையை நாமும் செய்யக்கூடாது. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே படிக்கும் பிள்ளை தமிழ் படித்தாக வேண்டும், படிக்கவும் செய்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க அரசும் அண்மையில் தனி முயற்சி எடுத்திருக்கிறது. அதே சமயம், சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 350ஏ பிரிவு. 1956ல் மாநிலங்கள் பிரிந்தபோது சேர்த்த பிரிவு அது. ஒரே வகுப்பில் ஆறு தாய்மொழி இருக்கும் காலத்தை அன்று யாரும் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். சட்டமும் திட்டமும் போய் நிற்கும் இடம் கடைசியில் ஒரு கரும்பலகைக்கு முன் நிற்கும் ஒரு டீச்சரிடம்தான்.

வெளியூர்ப் பிள்ளை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷம்தான் நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு முக்கிய ஆதாரம். அதே இனத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அப்பன் தடம் பார்த்து இது எந்தப் பாம்பு என்று சொல்லும் வீட்டுப் பிள்ளை, பள்ளியில் கடைசி வரிசையில் 'ஒன்றும் தெரியாதவன்' என்று உட்கார்ந்திருந்தால், தெரியாதது யாருக்கு?

பி.எட். படிப்பு 2015 முதல் இரண்டு வருஷமாகியிருக்கிறது, சமூகத்தைப் பற்றிய தாள்களும் உண்டு. ஆனால் ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியருக்கு இது போய்ச் சேர வேண்டும். புதுக் கட்டடமோ பெரிய நிதியோ வேண்டாம். மேலே சொன்னவர்கள் செய்ததைச் சேர்த்தாலே போதும்.

தாய்மொழிக் கட்டத்தை நிரப்பும் முன், 'வீட்டில் பாட்டியோடு என்ன பாஷை பேசுவாய்?' என்று கேட்டு எழுதலாம். தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார்ப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கோபிக்கும் முன், அன்று அவர்கள் வீட்டில் சட் பூஜை, தாய் தண்ணீர் கூடக் குடிக்காமல் நோன்பிருந்து ஆற்றிலோ ஏரியிலோ நின்று சூரியனை வணங்கும் நாள் என்று அறிந்திருக்கலாம். நம் பிள்ளையார் சதுர்த்திக்கு மறுநாள் மேற்கு ஒடிசாக்காரருக்கு நுவாகாய், புது நெல்லை முதலில் சாமிக்குப் படைத்து உண்ணும் விழா. பொங்கல் பாடம் நடத்தும்போது அந்தப் பிள்ளையை எழுப்பி அதைச் சொல்லச் சொன்னால், புத்தரிசி என்றால் என்ன என்று முழு வகுப்புக்கும் விளங்கும். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு, இன்று யார் யாரிடம் கேள்வி கேட்டேன் என்று ஒரு வாரம் புள்ளி போட்டுப் பார்க்கலாம். ரோஜர் ஹார்க்கருக்கு ஒரு பல்கலைக்கழகம் செய்து கொடுத்ததை நம் டீச்சர் ஒரு பென்சிலால் செய்துகொள்ளலாம்.

சேர்ந்த முதல் மூன்று மாதம் வாய் திறக்காத பிள்ளையை 'மந்தம்' என்று எழுதிவிடாமல் இருந்தால் அதுவே பெரிய காரியம். புது மொழிக்குள் நுழையும் குழந்தை முதலில் கேட்கும், பிறகுதான் பேசும். நம் பிள்ளைகள் துபாயிலும் பாரிஸிலும் மெல்பர்னிலும் அப்படித்தான் முதல் மாதங்களைக் கழித்தார்கள். அங்கே யாரோ ஒரு ஆசிரியை நம் பேரன் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொண்டாள் என்று கேட்டபோது நமக்கு எவ்வளவு சந்தோஷம்! அந்தச் சந்தோஷத்துக்கு நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு தகப்பனுக்கும் உரிமை உண்டு.

நம் வயதுக்காரர்களில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள் என்று அறிவேன். பக்கத்துப் பள்ளியில் தலைமையாசிரியரைப் பார்த்து, வாரம் ஒரு நாள் இந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு டீச்சரோடு துணைக்குப் போய்வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு நேரம் இல்லை, நமக்கு இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து ஊர், குலதெய்வம், விளைச்சல், கல்யாணச் சீர் எல்லாம் விசாரிப்பது நமக்குப் புதிதா என்ன? அதைத்தான் பல்கலைக்கழகத்தில் களப்பணி என்கிறார்கள்.